ஜன்னல் கதவில் ஒட்டிய டப்பா

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். கடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற கண்ணாடிகளைச் சட்டத்தின் அளவுக்கு அரைத்துப் பொருத்திக் கொடுப்பார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே அறை, அதே முக்காலி. வாழ்நாளெல்லாம் கண்ணாடி அரைத்தவருக்குக் கண்ணாடியே இல்லாத கேமரா மேல் எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

தேயிலை டப்பா, பால்பவுடர் டப்பா, எது காலியானாலும் விடமாட்டார். கழுவித் துடைத்து, உள்ளும் புறமும் கறுப்புப் பெயிண்ட் அடித்து, பக்கவாட்டில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை போடுவார். குளியலறையை இருட்டாக்கிக்கொண்டு டப்பாவுக்குள் போட்டோ காகிதத்தைச் சுருட்டி வைப்பார். அவ்வளவுதான் கேமரா. காலி டப்பாவைக் குப்பையில் போட எனக்கு அனுமதி இல்லாமல் போய் ஒரு வருடம் ஆகிறது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சகித்திருப்பேன். ஆனால் அந்த வாரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நான் ஊரை விட்டுக் கிளம்புவதாக இருந்தது.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வேறோர் ஊரில் புதுக்கிளை திறக்கிறார்கள், நீங்கள்தான் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று சொன்னார்கள். குறைந்தது மூன்று வருடம். நான் சரி என்றேன். அன்று சாயங்காலமே இவரிடம் கேட்டேன்.

“நீங்களும் வந்துடறீங்களா?”

“பாக்கலாம்,” என்றார்.

எங்கள் வீட்டில் ‘பார்க்கலாம்’ என்பது பதில் அல்ல, வாய்தா. நான் மறுபடி கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டால் அது கேள்வி. இரண்டாவது தடவை கேட்டால் கெஞ்சல். ஆனால் டிக்கெட் மட்டும் இரண்டு எடுத்து, என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

கடையில் தரைக்குப் புதுக்கல் பதிக்கிறார்கள் என்று அந்த வாரம் முழுவதும் அவருக்கு லீவு. எனக்கும் பழைய இடத்தில் வேலை முடிந்துவிட்டது. ஒரு வாரம் இரண்டு பேரும் வீட்டில் இருந்தால் பேசாமலா இருந்துவிடுவோம் என்று நினைத்தேன். இருந்தோம்.

வாரம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை பரண் மேலிருந்து இரண்டு சூட்கேஸையும் இறக்கினார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. தூசி தட்டி, அவருடையதைச் சுவரோரமாக வைத்து, வாயைத் திறந்து போட்டார். “காத்தாடட்டும், பாச்சை உருண்டை வாசனை அடிக்குது,” என்றார். அதோடு டப்பாக்களுக்குப் பெயிண்ட் அடிக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஒரு தேயிலை டப்பாவை ஜன்னல் கண்ணாடியில், ஓட்டை தெருப்பக்கம் பார்க்கும்படி வைத்து, பட்டை பட்டையாக டேப் ஒட்டினார். எங்கள் கூடத்து ஜன்னல் உள்பக்கமாகத் திறக்கிறது. இரண்டு கதவில் இடது கதவின் உள்முகத்தில் அந்த டப்பா, பல்லிபோல ஒட்டிக்கொண்டு நின்றது.

“இது ஒரு வாரத்துப் படம்,” என்றார். “ஓட்டையை இப்ப தொறந்தா சனிக்கிழமைதான் மூடறது. சூரியன் ஒவ்வொரு நாளும் போற பாதை கோடு கோடா விழும். தெருவில எது அசையாம நிக்குதோ அது மட்டும் தெரியும். போற வர்ற ஆளு, வண்டி எதுவும் தெரியாது. டப்பாவைத் தொடாதே.”

“தொடமாட்டேன்.”

“ஜன்னலையும் சாத்தியே வை. தரையில இலை காயுது, காத்தடிச்சா பறந்துடும்.”

இலை வேறு. மரமெல்லாம் மொட்டையாகிக்கொண்டிருந்த நேரம். தெருவில் துப்புரவுக்காரர்கள் கூட்டிக் குவிக்கக் குவிக்க மறுபடியும் கொட்டியது. அவர்கள் அள்ளுவதற்குள் இவர் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார். மஞ்சள், செம்பு, துரு நிறம் என்று வரிசை பிரித்துத் தரையில் பழைய தாள் விரித்து அடுக்குவார். வாழ்த்து அட்டையில் ஒட்டப் போகிறாராம். யாரை வாழ்த்தப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

எட்டு மணிக்கெல்லாம் தோளில் ஒரு பையும் பையில் இரண்டு டப்பாவுமாகக் கிளம்பிவிடுவார். பகலில் ஒரு தடவை சாப்பாட்டுக்குக்கூட வரமாட்டார். வெயில் இறங்கியபின், மூக்கு சிவக்க, ஷூவில் சேறுடன் படியேறுவார். எங்கே போனீர்கள் என்றால், “சும்மா, பூங்கா பக்கம்,” என்பார். இருப்புக் கொள்ளாத மனிதர் என்று அவரைச் சொன்னேன். நான் மட்டும் என்ன? சூட்கேஸில் நாலு புடவை வைப்பேன், இரண்டை எடுப்பேன். புது இயந்திரத்துக்கான கையேட்டைப் பிரித்து மேசையில் உட்காருவேன். ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்துவிட்டு, நடுவில் அவர் அழுத்தி வைத்த இலை வந்ததும் எரிச்சலுடன் மூடிவிடுவேன்.

பெயிண்ட் வாடை தாங்க முடியவில்லை. அவர் படியிறங்கிய கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது. குளிரானாலும் பரவாயில்லை என்று ஜன்னலைத் திறந்தேன். இடது கதவை உள்ளே இழுத்தேன். டப்பா போய்ச் சுவரில் முட்டி, கதவு பாதிக்கு மேல் திறந்தபடி நின்றது. நல்லதாகப் போயிற்று, காற்றுக்குப் படபடவென்று அடித்துக்கொள்ளாது என்று நினைத்தேன். அவர் சொன்னது டப்பாவைத் தொடாதே என்று. நான் டப்பாவைத் தொடவில்லையே, ஜன்னலைத்தானே தொட்டேன். இலைகளின் மேல் கையேட்டையும் ஒரு ஷூவையும் பாரமாக வைத்தேன். சாயங்காலம் படிக்கட்டில் அவர் இருமல் கேட்டதும் சாத்திவிட்டேன்.

செவ்வாயும் அப்படியே. மகள் போன் செய்தாள். அவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள்.

“அப்பா வர்றாராம்மா?”

“தெரியாது.”

“கேக்கறதுதானே?”

“கேட்டாச்சு.”

“எப்ப?”

“போன மாசம்.”

“அடக் கடவுளே! ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதுக்கு நான் நடுவுல வந்து உக்காரணுமா? போனை அவர்கிட்ட குடு.”

“வெளிய போயிருக்கார். இலை பொறுக்க.”

“எல்லாரும் வீட்டைக் காலி பண்றாங்க, எங்கப்பா தெருவைக் காலி பண்றார்,” என்றாள். சிரித்துவிட்டு, பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நீ தனியாப் போவியாம்மா?” என்று கேட்டாள்.

“போவேன்,” என்றேன். சொன்ன வேகத்தில் எனக்கே பயமாக இருந்தது.

புதன்கிழமை என் கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டது. அவர் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் கடைக்கே போனேன். கடை அலங்கோலமாகக் கிடந்தது. அலமாரியில் இருந்த சட்டங்களையெல்லாம் கழற்றிப் பெட்டிகளில் கட்டி வைத்திருந்தார்கள். பின்னறையில் அரைக்கும் இயந்திரத்தின் மேல் போர்வை போர்த்தியிருந்ததில், யாரோ ஆள் உட்கார்ந்து தூங்குவது போல இருந்தது. அவருடைய முக்காலியைக் கவிழ்த்து அதன் மேல் வைத்திருந்தார்கள்.

முதலாளி இவரைவிட வயதில் சின்னவர். அவரே திருகு போட்டுக் கொடுத்தார்.

“அண்ணி, நானே வீட்டுக்கு வரலாம்னு இருந்தேன். அண்ணன் போறாரா இருக்காரா? ஒண்ணும் சொல்லமாட்டேங்கிறாரே.”

“உங்ககிட்டயும் சொல்லலையா?”

“கேட்டா, ‘பாக்கலாம் தம்பி’ங்கறார். போறார்னா நான் ஆள் பாக்கணும்ல? அவர் கை மாதிரி ஒரு கை கிடைக்கிறதே கஷ்டம். சனிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொன்னார்னா போதும். இருந்தார்னா எனக்குச் சந்தோஷம். உங்களுக்கு முன்னாடி இப்படிச் சொல்லக்கூடாது, ஆனா நெசம்.”

“சொல்லுங்க, பரவாயில்ல,” என்றேன். அவருக்கும் வாய்தாதான் என்று தெரிந்ததில் ஒரு பக்கம் ஆறுதல். இன்னொரு பக்கம், இன்னும் வரமாட்டேன் என்றும் எங்கும் சொல்லிவிடவில்லை என்கிற நப்பாசை. அது ஆறுதலைவிடப் பொல்லாதது. வழியெல்லாம் இலைக்குவியலை உதைத்துக்கொண்டே நடந்தேன்.

வியாழக்கிழமை மாலை நல்ல மனநிலையில் வந்தார். கையைத் தேய்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதுல ஒரே ஒரு ரகசியம்தான். அசையவே கூடாது. ஒரு விரல்கடை நகர்ந்தாக்கூட எல்லாம் போச்சு. மறுபடி முதல்லேருந்து ஒரு வாரம்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டப்பா ஒட்டியிருந்தது சுவரில் அல்ல, கதவில். கதவு திறந்தால் டப்பாவும் திரும்பும். நான் தினமும் பகல் பூராவும் அதைத் தெருவிலிருந்து திருப்பி வீட்டுக்குள் பார்க்க வைத்திருக்கிறேன். சொல்ல வாயெடுத்தேன். ‘மறுபடி ஒரு வாரம்’ என்ற அவருடைய வார்த்தை காதில் நின்றது. இப்போது சொன்னால் உடனே புதுக் காகிதம் போடுவார். படம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பார். ஞாயிற்றுக்கிழமை தாண்டிவிடும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

கெட்டது கெட்டாயிற்று. வெள்ளிக்கிழமையும் திறந்தேன். அன்றைக்கென்று ஒரு காற்று அடித்ததே! பாரம் வைத்திருந்த கையேட்டைப் புரட்டிவிட்டு, இலைகளையெல்லாம் கூடம் முழுக்க வாரி இறைத்தது. சோபாவுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், அவருடைய திறந்த சூட்கேஸுக்குள்கூட இரண்டு. முட்டி போட்டு எல்லாவற்றையும் பொறுக்கி, மஞ்சளை மஞ்சளோடும் செம்பைச் செம்போடும் அடுக்கினேன். சூட்கேஸில் விழுந்ததை எடுக்கும்போது உள்ளே துழாவிப் பார்த்தேன். ஒரு கைக்குட்டைகூட இல்லை உள்ளே.

சாயங்காலம் வந்ததும் குனிந்து பார்த்தார்.

“யாரு கலைச்சது?”

“கூட்டினேன்.”

“துரு நிறத்தைச் செம்புல வெச்சிருக்க.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.”

“கண்ணைச் சோதிச்சுக்கணும் நீ.”

“கடையைத் தொறக்கட்டும், வர்றேன்,” என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், கடை திறக்கும்போது நான் இந்த ஊரில் இருக்கமாட்டேன் என்பது இருவருக்கும் ஞாபகம் வந்தது. அவர் இலைகளை மறுபடி பிரிக்க ஆரம்பித்தார். பிரித்ததையே திரும்பவும் பிரித்தார்.

சனிக்கிழமை அவர் எங்கும் போகவில்லை. விடிந்ததுமே ஜன்னலிலிருந்து டேப்பை உரித்து, ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி டப்பாவைக் குளியலறைக்கு எடுத்துப் போனார். நான் மேசையில் என் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்தப் படத்துக்கு மருந்துத் தண்ணி எதுவும் வேண்டாம், காகிதத்தில் தானே விழுந்திருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார். ஆனால் வெளிச்சத்தில் வைத்தால் கறுத்துப்போகும், அதனால் சட்டென்று செல்போனில் எடுத்து, கறுப்பை வெளுப்பாகவும் வெளுப்பைக் கறுப்பாகவும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

காகிதத்தை மேசையில் வைத்துப் படமெடுத்தார். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“கோடு எங்க?”

விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

“இது தெரு இல்லையே. மரத்தைக் காணோம்… இந்தா, இது நம்ம அலமாரி மாதிரி இருக்கே.”

“அலமாரிதான்.”

“ஜன்னலைத் தொறந்தியா?”

“தொறந்தேன்.”

“என்னிக்கு?”

“தினமும். நீங்க போனதும் தொறப்பேன், வர்றப்ப சாத்துவேன். பெயிண்ட் வாடைல மண்டை வெடிச்சுது.”

“டப்பாவைத் தொடாதேன்னு எத்தனை தடவை…”

“தொடலையே. கதவைத்தான் தொட்டேன். தொறக்கிற கதவுல யாராவது கேமராவை ஒட்டுவாங்களா?”

கோபத்தில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் கண் போனுக்கே போய்விட்டது. கோபத்தைவிட அவருக்கு ஆச்சரியம் பெரிதாக இருந்தது.

“தினமும் ஒரே இடத்துலதான் நின்னிருக்கு. எப்படி?”

“டப்பா சுவர்ல முட்டி நிக்கும். அதுக்கு மேல போகாது.”

“அதான் இவ்வளவு துல்லியமா விழுந்திருக்கு.” என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். எங்கள் கூடம். அலமாரியின் கைப்பிடி தெரிந்தது. மேசை விளிம்பு தெரிந்தது. எனக்கு எதிர் நாற்காலியின் முதுகுக் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அந்தப் பக்கம், என் நாற்காலி இருக்கிற இடத்தில் மட்டும் கலங்கலாக இருந்தது.

“இங்க வெளிச்சம் கசிஞ்சிருக்கு பாரு. புகை மாதிரி.”

“அது நான்,” என்றேன்.

அவர் போனைக் கிட்டத்தில் பிடித்தார். புகைக்குத் தோள் இருந்தது. தலையைக் கையில் தாங்கிய சாயல்கூட இருந்தது.

“ஒரு வாரமா இங்கயேவா உக்காந்திருந்த?”

“உக்காருவேன். எந்திரிப்பேன். மறுபடி உக்காருவேன்.”

“நான் எங்க?”

நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். மாதிரி தவறாக எடுக்கப்பட்டிருந்தால் முடிவு எனக்குச் சாதகமாகவே வந்தாலும் அதில் கையெழுத்துப் போடமாட்டேன். அதனால் உள்ளதைச் சொன்னேன்.

“படத்தை வெச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க. நீங்க இருந்ததெல்லாம் இருட்டினப்புறம்தான். அப்ப ஜன்னல் சாத்தியிருந்துச்சு. அந்த நாற்காலில உக்காந்துதான் சாப்பிட்டீங்க. அதெல்லாம் இதுல விழாது.”

அவர் தலையாட்டினார். படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். சுவரோரமாக, வாயைப் பிளந்துகொண்டு, மூடியின் தையல் வரைக்கும் தெளிவாக, மொத்தப் படத்திலேயே அதுதான் சுத்தமாக விழுந்திருந்தது.

“இது?”

“உங்க சூட்கேஸ்.”

“இதுக்கும் அதே கணக்குதானே?”

“இல்ல,” என்றேன். “அது பகல்லயும் காலி, இருட்டினாலும் காலி.”

அவர் எழுந்தார். ஜன்னல்வரை நடந்தார், திரும்பினார், அலமாரிவரை நடந்தார். பால்கனிக் கதவைத் திறந்து போய் நின்றார். கீழே இலை அள்ளுகிற வண்டி வந்து உறுமிக்கொண்டிருந்தது. நான் மேசைக்கடியில் ஒரு காலால் இன்னொரு காலை மிதித்துக்கொண்டேன். கேட்கக்கூடாது, கேட்கக்கூடாது என்று இருந்தேன்.

உள்ளே தலையை நீட்டினார்.

“அந்த ஊர்ல கண்ணாடிக் கடை இருக்குமா?”

“கண்ணு இருக்கிற ஊர்ல கண்ணாடிக் கடை இல்லாம இருக்குமா?”

“எடுத்துக்கணுமே என்னை. இந்த வயசுல போய், எனக்கு அரைக்கத் தெரியும்னு யார்கிட்ட நிக்கிறது? நீ காலைல வேலைக்குக் கிளம்பிடுவ. நான் என்ன பண்ணுவேன் அங்க?”

இத்தனை நாளும் வாய்தாவுக்குப் பின்னால் இருந்தது இதுதானா? இதை ஒரு மாதம் முன்பு சொல்லியிருந்தால் ஒரு மாதம் நன்றாகத் தூங்கியிருப்பேன். “தெரியலையே,” என்றேன். “எனக்கும்தான் அங்க யாரையும் தெரியாது. கொஞ்ச நாள் இலை பொறுக்குங்க. அங்கயும் மரம் இருக்கும்.”

அவர் மூக்கால் சிரித்தார். பிறகு என் முன்னாலேயே முதலாளிக்குப் போன் போட்டார்.

“தம்பி, நான்தான்… ஆமாப்பா… இல்ல, அதைத்தான் சொல்ல வந்தேன். நீ ஆள் பாத்துக்க… நாளைக்குக் காலைல… தெரியும்பா, முன்னாடியே சொல்லியிருக்கணும்… வர்ற ஆள்கிட்ட சொல்லு, அந்த மெஷின் இடது பக்கம் இழுக்கும், அழுத்திப் பிடிக்கணும்… என்ன? முக்காலியா? அது கிடக்கட்டும் அங்கயே.”

போனை வைத்தவர் என்னைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

“நாளைக்கு டிக்கெட் கிடைக்குமா இனிமே?”

“இருக்கு.”

“எது இருக்கு?”

“உங்க டிக்கெட். போன மாசமே எடுத்தாச்சு.”

“சொல்லவே இல்லையே!”

“நீங்க மட்டும் சொன்னீங்களா?”

அதன் பிறகு வீடு ரணகளமாகிவிட்டது. ஒரு மாதத்தில் செய்ய வேண்டியதைப் பொழுது சாய்வதற்குள் செய்யப் பறந்தார். நான் அடுப்படியில் பாத்திரங்களைக் கட்டி வைத்துவிட்டு வந்து பார்த்தால், சூட்கேஸ் நிறைந்திருந்தது. அடியில் டப்பா, நடுவில் டப்பா, மேலே இலை அட்டைகள், அதற்கும் மேலே ஒரே ஒரு சட்டை.

“என்னங்க இது?”

“எல்லாம் அங்க தேவைப்படும்.”

“போடறதுக்குச் சட்டை?”

“அதான் வெச்சிருக்கேனே.”

நான் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தார். கொஞ்ச நேரம் இந்த இழுபறி நடந்தது. கடைசியில் மூன்று டப்பாவுக்குச் சம்மதித்தேன். மேசையில் கிடந்த காகிதத்தை அப்போதுதான் இருவரும் பார்த்தோம். நாங்கள் கவனிக்காமல் விட்டதில் அது ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்திருந்தது. அலமாரி போய்விட்டது, நாற்காலி போய்விட்டது, நான் எப்போதோ போய்விட்டேன். சூட்கேஸ் இருந்த மூலை மட்டும் இன்னும் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது.

“அடடா,” என்றார். ஆனால் எடுத்து மூடப் போகவில்லை. கையில் இருந்த உள்பனியனை மடிப்பதா சுருட்டுவதா என்று நின்றுகொண்டிருந்தார்.

நான் அதை வாங்கிச் சுருட்டி, அவருடைய காலுறைகளோடு சேர்த்துத் தேயிலை டப்பாவுக்குள் திணித்தேன். மூடியைப் போட்டு அழுத்தினேன். இடம் மிச்சம்.